வெளியே கொண்டுபோகும் மடிப்புப் பொட்டி: யாழ்ப்பாணத்தில் பாவித்த பின் ஒரு மதிப்பீடு

கால்களைக் கீழ்நோக்கி விரித்தால் தரையில் நிற்கும் சிறு இருக்கையாகவும், அதே கால்களைப் பக்கவாட்டில் முழுவதும் திறந்தால் கொமட்டின் மேல் வைக்கும் வளையமாகவும் மாறுகின்ற, சிறு பிள்ளைகள் மலசலம் கழிக்க அமரும் மடிப்புப் பொட்டி ஒன்றை, எங்கள் மகள் பகல் வேளையில் பம்பர்ஸ் இல்லாமல் இருக்கப் பழகத் தொடங்கிய காலத்தில், யாழ்ப்பாண நகரில் குழந்தைப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கினோம். இந்த வகைப் பொட்டி பல பெயர்களிலும் பல நிறங்களிலும் விற்பனைக்கு வருகின்றது. பெட்டியில் உள்ள பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருளின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றியும், அது நமது ஊர்ப் பயணங்களுக்கும் நமது மலசலகூடங்களுக்கும் எவ்வளவு பொருந்துகின்றது என்பதைப் பற்றியும் எழுதுகின்றேன்.

வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் கொடுக்கும் காசு அந்தப் பிளாஸ்ரிக் சட்டத்துக்கு மட்டுமே என்று எண்ணிக்கொண்டு வாங்க வேண்டும். கழிவைப் பிடிப்பதற்கென்று கூடவே வருகின்ற பைகளையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படங்களையும் நம்பி வாங்கக் கூடாது. படத்தில் பிள்ளை புல்வெளியில் சிரித்தபடி அமர்ந்திருக்கின்றது. எங்களுக்கு இந்தப் பொட்டி மிக நன்றாக உதவிய இடமோ நான்கு சுவர்களுக்குள், பிள்ளை கால் வைக்கவே பயப்படுகின்ற மலசலகூடங்களின் உள்ளேதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மடித்து வைத்தால் துவாய், மாற்றுடுப்பு, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு சாதாரணத் தோள்பைக்குள் அடங்கிவிடுகின்றது. ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பாரம். இருக்கையின் விளிம்பு வழவழப்பாக இருக்கின்றது. பிள்ளையின் தொடையை உறுத்தும் கூர்மையான மடிப்பு எதுவும் இல்லை. கால்களை விரிக்கும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளும், பூட்டியதும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். இந்தச் சத்தம் இரண்டு தரம் கேட்டதா என்பதைக் கவனிப்பது பெற்றோரின் வேலை. ஒரு பக்கம் மட்டும் பூட்டிய நிலையிலும் பொட்டி நேராக நிற்பதுபோலத் தோன்றும். பிள்ளை பாரத்தைப் பக்கமாகச் சாய்த்தவுடன் பூட்டாத கால் உள்ளே மடங்கும். ஆகவே பிள்ளையை இருத்துமுன் இருக்கையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. இதைச் செய்வதற்கு இரண்டு விநாடி போதும், அவசரத்திலும் இதை விடக்கூடாது. ஒருமுறை பொட்டியோடு சாய்ந்து விழுந்த பிள்ளை அதில் மறுபடி இருக்கச் சம்மதிப்பதற்கு வாரக்கணக்கில் எடுக்கலாம்.

வெளியே போகும்போது மட்டும் பம்பர்ஸ் போட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் வழி. “வெளியிலை போகேக்கை பம்பர்ஸைப் போட்டு விடு பிள்ளை, ஏன் கரைச்சல் படுகிறாய்?” என்று மாமி அன்பாகத்தான் சொன்னார். கரைச்சல் என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், வீட்டில் ‘ஒண்டுக்கு வருது’ என்று சொன்னால் கை தட்டிப் பாராட்டுகின்ற அதே அம்மா, பஸ்ஸுக்குள் சொன்னால் ‘பரவாயில்லை, பம்பர்ஸுக்குள்ளேயே போ’ என்கிறார். இரண்டு வயதும் சில மாதங்களும் ஆன ஒருவருக்கு இது விளங்காத விதி. சொல்வதால் பயனில்லை என்று நினைத்துவிட்டால் சொல்வதையே நிறுத்திவிடுகின்றது. அதன் பிறகு வீட்டிலும் சொல்லாது. மடிப்புப் பொட்டியின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கின்றது. வீட்டிலும் வெளியிலும் ஒரே இருக்கை, ஒரே பழக்கம், கேட்டால் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கை.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயதில் இது வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் ஆயத்தமாகின்றார்கள். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நனையாமல் இருப்பது, நனைந்தால் சங்கடப்படுவது, சிறிய சொற்கட்டளைகளை விளங்கிக்கொள்வது, காற்சட்டையைத் தானே கீழே இழுக்கப் பார்ப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த அடையாளங்கள் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு நல்ல பொட்டி வாங்கினாலும் அது விளையாட்டுச் சாமானாகவே கிடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதிலேயே பழகிவிட்டது என்ற கதைகளைக் கேட்டுக்கொண்டு கடைக்கு ஓடத் தேவையில்லை. முன்பள்ளிக்குச் சேர்க்கும் நாள் கிட்டுகின்றது என்ற அவசரமும் பிள்ளையின் உடலுக்குத் தெரியாது.

இனி நமது மலசலகூடங்களின் விடயம். பஸ் தரிப்பிடங்களிலும் சந்தைகளிலும் கோயில் மடங்களிலும் பழைய கலியாண மண்டபங்களிலும் குந்தி இருக்கும் வகைதான் இன்னமும் அதிகம். பெட்டியில் பெருமையாகச் சொல்லப்படுகின்ற ‘கொமட்டின் மேல் வைக்கும் வளையம்’ என்ற வசதி அங்கே எதற்கும் உதவாது. புதிய ஹோட்டல்களிலும் சில உணவகங்களிலும் கொமட் இருக்கின்றது. அங்கே வளையமாக வைத்தபோது நன்றாகவே இருந்தது, அடியில் ஒட்டியிருக்கும் றப்பர்த் துண்டுகள் வழுக்காமல் பிடித்துக்கொண்டன. ஆனால் கொமட்டில் இருத்தும்போது பிள்ளையின் கால்கள் காற்றில் தொங்குகின்றன. மலம் கழிப்பதற்குக் கால் ஊன்றியிருப்பது அவசியம்; முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து கொடுக்கும். நம் முன்னோர் குந்தி இருந்த முறையில் அது இயல்பாகவே நடந்தது. தரையில் கால் பதிய இருக்கக்கூடிய தாழ்ந்த பொட்டியில் பிள்ளைக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே நிலை.

அப்படியென்றால் குந்தும் மலசலகூடத்திலேயே பிள்ளையைக் குந்த வைக்கலாமே என்று கேட்கலாம். பெரிய ஆட்களுக்காகக் கட்டிய கால் மேடைகளின் இடைவெளி அந்தச் சிறு கால்களுக்கு அகலமானது; தரை எப்போதும் ஈரம்; நடுவில் இருட்டாக ஒரு பள்ளம். பயப்படாமல் என்ன செய்யும்? பயந்த பிள்ளை அடக்கிக்கொள்கின்றது. ஒண்டுக்கு என்றால் சற்று நேரத்தில் நனைத்துவிடும், அவ்வளவுதான். மலத்தை அடக்கத் தொடங்கினால் விடயம் பெரிதாகின்றது. உள்ளே தங்கிய மலத்தில் இருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும், அடுத்த முறை போகும்போது நோகும், நொந்த பிள்ளை மறுபடி அடக்கும். இந்தச் சுழற்சியில் அகப்பட்ட பிள்ளைகளை வைத்தியரிடம் கொண்டு திரிகின்ற பெற்றோரை எங்கள் உறவுக்குள்ளேயே கண்டிருக்கின்றேன். அதனால்தான், பொட்டியை மலசலகூடத்துக்கு உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி, தரையில் ஈரமில்லாத மூலையில் விரித்து, பிள்ளையை அதில் இருத்துவதை மிகவும் வலியுறுத்துகின்றேன். பிள்ளைக்குத் தெரிந்த இருக்கை. நமக்குப் பக்கத்திலேயே தண்ணீர், வாளி, கழிவை ஊற்றுவதற்குரிய இடம்.

இதை முதன்முதலில் விரித்துக் காட்டியபோது மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நாங்கள் காலிலை இருத்துறமாதிரித்தானே” என்றார். கைக்குழந்தையைக் காலை நீட்டி அமர்ந்து, இரண்டு பாதங்களுக்கும் இடையில் இருத்தி, ‘சூ’ என்று மெல்ல ஒலியெழுப்பி ஒண்டுக்கு விடப் பழக்கிய தலைமுறை அது. அவர் சொன்னது முற்றிலும் சரி. பிள்ளையின் முதுகு நம்மில் சாய்ந்திருக்க, கால் கீழே படிந்திருக்க, அவசரப்படுத்தாமல் காத்திருந்த அந்த முறையின் நன்மைகள் அனைத்தும் இதிலும் உண்டு. பொட்டிக்குப் பின்னால் நாம் குந்தியிருந்து பிள்ளையின் முதுகைத் தாங்கிக்கொண்டால், புது இடத்திலும் பிள்ளை விரைவில் தளர்ந்துவிடுகின்றது. முதுகுத் தாங்கி இல்லாதது இந்தப் பொட்டியின் குறை என்று சிலர் சொல்வார்கள். நமது கை இருக்கும்போது அது குறையாகத் தெரியவில்லை.

இப்போது பைகளுக்கு வருகின்றேன், ஏனெனில் இந்தப் பொருளின் பலவீனம் முழுவதும் அங்கேதான் இருக்கின்றது. பெட்டிக்குள் சில உறைப்பைகள் வருகின்றன. பொலித்தீன் பையின் அடியில் ஒரு மெல்லிய உறிஞ்சு பஞ்சு. பையின் வாயை இருக்கையின் விளிம்புக்கு வெளியே மடித்துவிட்டு, உள்ளே போனதும் முடிந்து எறிய வேண்டும் என்பது திட்டம். பஞ்சுக்குள் இருப்பது பம்பர்ஸில் இருக்கும் அதே சோடியம் பொலிஅக்ரிலேற்றுத் தூள். சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு உறிஞ்சக்கூடியது. சிறுநீரில் உப்பு இருப்பதால் அங்கே அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 90 முதல் 120 மில்லிலீற்றர் வரை கொள்ளும். எங்களுக்குக் கிடைத்த பைகளின் பஞ்சு, வெயிலில் திரிந்து நன்றாகத் தண்ணீர் குடித்த பிள்ளை முழுவதுமாக விட்டபோது, அனைத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. பையின் அடியில் திரவம் தளும்பிக்கொண்டு நின்றது. ஓடுகின்ற வானுக்குள் அதை முடிச்சுப் போடுவது எவ்வளவு சிக்கல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது போதாதென்று, நமது ஊரின் புழுக்கத்தில் விளிம்புக்கு மேல் மடித்த பொலித்தீன் பிள்ளையின் வியர்த்த தொடையில் ஒட்டிக்கொள்கின்றது. எழும்பும்போது பையும் கூடவே எழும்புகின்றது. அந்த நேரத்தில் ஒரு கையால் பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

இந்தப் பைகளுக்கு நாங்கள் கண்ட மாற்று மிகவும் எளிமையானது. ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் முடிந்த பிறகு எல்லா வீட்டுக் குசினியிலும் மிஞ்சுகின்ற அந்த மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, பொட்டியின் கால்களுக்கு நடுவில் தரையில் வைத்தால் சரியாக உள்ளே அடங்கியது. பெட்டியை அடியில் வைத்து, பிள்ளையை மேலே இருத்தினால் பையே தேவைப்படவில்லை. முடிந்ததும் மூடியை அழுத்தி மூடிவிட்டு, அடுத்த மலசலகூடம் வரும் வரைக்கும் வானின் ஒரு மூலையில் சாயாமல் வைக்கலாம். அங்கே ஊற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மறுபடி பாவிக்கலாம். மலம் என்றால் பெட்டியின் அடியில் ஒரு தாள் விரித்துவிட்டால் கழுவுவது சுகம். பெட்டியின் வெளிப்புறத்திலும் மூடியிலும் அழியாத மையினால் பெரிதாக எழுதி வையுங்கள். கழுவிக் கவிழ்த்து வைத்ததை வீட்டில் வேறு யாரும் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது. பொட்டி வாங்கும்போதே தரைக்கும் இருக்கைக்கும் இடையிலான உயரத்தைப் பாருங்கள். சில பொட்டிகள் மிகவும் தாழ்ந்தவை, அவற்றின் கீழே இந்தப் பெட்டி போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சற்று உயர்ந்த கால்கள் உள்ளதைத் தெரிவு செய்யச் சொல்வேன்.

பைகளைக் குறைப்பதற்குக் காசைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்கு ஊடாக இறங்கித் தேங்குகின்ற மழைநீர்தான் நம் கிணற்றில் ஊறி வருகின்றது. அந்தக் கல் வெடிப்பும் துளையும் நிறைந்தது, மேலே விடுவது விரைவில் கீழே போய்ச் சேரும். உரத்தினாலும் மலசலகூடக் குழிகளினாலும் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது பல காலமாக அறியப்பட்ட பிரச்சினை. ஆகவே பிள்ளையின் மலம்தானே என்று வேலியோரத்திலும் வயற்கரையிலும் கடற்கரை மணலிலும் கொட்டுவதும், முடிந்த பையைப் பற்றைக்குள் எறிவதும் செய்யக் கூடாதவை. பையைக் கொளுத்துவதும் தீர்வாகாது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2017 செப்ரெம்பரில் இருந்து நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கின்றது. அதே காலத்தில் திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பதும் தடை செய்யப்பட்டது. மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, வெறும் பையை இறுக முடிந்து, வீட்டுக் குப்பையோடு சேர்த்து ஒப்படைப்பதுதான் ஒழுங்கு. பஞ்சோடு கூடிய பையை மலசலகூடத்துக்குள் போட்டால் பஞ்சு ஊதிக் குழாயை அடைத்துவிடும்.

பயணங்களில் எது எப்படி இருந்தது என்பதைச் சொல்கின்றேன். நயினாதீவுக்குப் போகும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில், படகுக்கு வரிசையில் நிற்கத் தொடங்குமுன் பிள்ளையை இருத்திவிட வேண்டும். படகு ஓடுவது ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஆனால் வரிசை, ஏறுதல், இறங்குதல், அங்கிருந்து நாகபூசணி அம்மன் கோயில் வாசல் என்று நேரம் நீளும், படகுக்குள் நெருக்கியடித்து இருக்கும்போது பொட்டியை விரிப்பதற்கு இடமே கிடையாது. ‘இப்போது வரவில்லை’ என்று பிள்ளை சொன்னாலும் இரண்டு நிமிடம் இருத்திப் பார்ப்பது நல்லது. கட்டாயப்படுத்தாமல், ஒரு சிறு பாட்டு முடியும் வரைக்கும். நண்டு ஊருது நரி ஊருது சொல்லிக் கை விரல்களை எண்ணி முடிக்கும் நேரம் போதும்.

நல்லூர்த் திருவிழாவில் பொட்டியை நாங்கள் வீதிக்குக் கொண்டுபோகவில்லை. 25 நாள் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடுவதில்லை, தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் சனம் சொல்லி முடியாது. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நடக்கின்ற அந்த வெண்மணல் வீதியின் ஓரத்தில் பொட்டியை விரிப்பது என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. அயலில் உள்ள உறவினர் வீட்டில் பொட்டியை வைத்துவிட்டு, பூசைக்கு முன்னும் பின்னும் அங்கே கூட்டிப்போனோம். உறவினர் இல்லாதவர்கள் வாகனத்திலேயே வைத்திருந்து, இறங்குவதற்கு முன்னர் இருத்திவிட்டு நடப்பது நல்லது. கோயில், கலியாணம், அந்தியேட்டி வீடு எதுவானாலும், போனவுடன் மலசலகூடம் எங்கே என்று கேட்டு, பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்து அமர்வது பொட்டியைவிடவும் பெரிய உதவி. ‘அங்கேதான் போகப் போகிறோம்’ என்று முன்கூட்டியே கண்ட இடத்தைப் பிள்ளை அவ்வளவாக எதிர்ப்பதில்லை.

கலியாண மண்டபங்களில் உடுப்பே முதல் எதிரி. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்து, ஊசி குத்திய சட்டையைச் சரிசெய்து, உள்ளுடுப்பை இறக்குவதற்குள் பிள்ளை பொறுக்காது. இழுவைப் பட்டி வைத்த சாதாரணப் பருத்திக் காற்சட்டையைப் பாவாடைக்குள் போட்டுவிட்டு, பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிய பிறகு இருத்தினால் எல்லாம் நனையாமல் தப்பும். காற்சட்டையை முழங்காலோடு நிறுத்தாமல் ஒரு காலை முழுவதும் கழற்றிவிடுங்கள். கால்கள் அகலமாக விரிந்தால்தான் இருக்கை சரியாகப் பொருந்துகின்றது.

ஏ9 பாதையில் கொழும்புக்குப் போகின்ற நீண்ட பயணத்தில்தான் பொட்டி தன் விலைக்குப் பதில் சொன்னது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பெரிய ஆட்கள் ஆனையிறவைத் தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, முகம் கழுவிக்கொண்டு தொடரலாம். பிள்ளையின் சிறுநீர்ப்பைக்கு முறிகண்டி வெகுதூரம். வானில் போனபோது பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொல்லி, வாகனத்துக்கு உள்ளேயே, இருக்கைகளுக்கு இடையில் ஐஸ்கிறீம் பெட்டியோடு பொட்டியை விரித்தோம். யன்னல் பக்கத்தில் துவாய் ஒன்றைப் பிடித்தால் மறைவும் கிடைத்தது. வாகனம் ஓடும்போது பிள்ளையை இருக்கைப் பட்டியில் இருந்து கழற்றிப் பொட்டியில் இருத்துவது ஒருபோதும் கூடாது. பொதுப் பஸ்ஸில் இது நடைமுறைக்கு வராது. அங்கே தரிப்பிடங்களை நம்பித்தான் இருக்க வேண்டும், இரவுப் பயணம் என்றால் பம்பர்ஸ் போடுவதைத் தவிர வழியில்லை. நித்திரையில் நனைக்காமல் இருப்பது பகற்பழக்கத்தோடு சேர்ந்து வருகின்ற ஒன்றல்ல, பல பிள்ளைகளுக்கு அது ஆண்டுகள் கழித்துத்தான் வரும். ஆகவே இரவில் பம்பர்ஸ் போடுவதால் பகலில் பழகியது கெட்டுவிடும் என்று கவலைப்பட வேண்டாம். புகையிரதத்தில் மலசலகூடம் உண்டு, ஆனால் வண்டி ஆடுகின்ற ஆட்டத்தில் பொட்டியின் கால்கள் நகர்கின்றன. ஒருவர் பிள்ளையின் தோளையும் மற்றவர் பொட்டியையும் பிடிக்க வேண்டியிருக்கும், அந்தச் சிறு அறைக்குள் இருவர் நிற்பது பெரும்பாடு. புகையிரதப் பயணத்துக்கு இந்தப் பொட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நனைத்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் கூட்டிப்போவோர் பலர். நமது வெயிலில் இது தீங்கு. தண்ணீர் குறைந்தால் மலமும் இறுகும். குறைப்பதற்குப் பதிலாக நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள். சாப்பிட்ட பின் குடல் தானாகவே அசையத் தொடங்கும் இயல்பு எல்லோருக்கும் உண்டு. காலைச் சாப்பாட்டுக்குப் பின் 20 அல்லது 30 நிமிடத்தில் பொட்டியில் இருத்திவிட்டுப் புறப்பட்டால், வழியில் ‘கக்கா’ என்ற குரல் எழும்புவது பெரிதும் குறையும். அதிகாலையில் வெறுவயிற்றோடு வாகனத்தில் ஏற்றி, வழியில் இடியப்பம் ஊட்டினால், அடுத்த ஊரில் பொட்டி தேட வேண்டியிருக்கும்.

ஆண்பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு அவ்வளவு நன்றாக இல்லை. அக்காவின் மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, இதே பொட்டியைச் சில நாள் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பக்கத்தில் உள்ள தடுப்பு மிகவும் தாழ்ந்தது. சற்று முன்னால் தள்ளி இருந்தாலும் ஒண்டுக்குத் தடுப்புக்கு மேலால் போய்க் காற்சட்டையை நனைத்தது. பிள்ளையைப் பின்னால் தள்ளி இருத்தி, முன்னால் சற்றுக் குனிய வைத்தால் சரிவரும், ஆனால் அவசரத்தில் அதைச் சொல்லிக் கேட்கும் வயது அதுவன்று. ஆண்பிள்ளை உள்ளவர்கள் முன்தடுப்பு உயர்ந்த அமைப்பைத் தேடி வாங்குவது நல்லது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாக மட்டுமே செய்ய வேண்டும். மலத்தில் உள்ள கிருமிகள் சிறுநீர்த் துவாரத்துக்குப் போவதால்தான் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று வருகின்றது. நாம் தண்ணீரால் கழுவிப் பழகிய ஆட்கள் என்பதால், சிறு துளையிட்ட மூடியோடு ஒரு தண்ணீர்ப் போத்தல் பொட்டியோடு எப்போதும் இருக்க வேண்டும். ஈரத் துடைப்புத் தாள் கைக்கு உதவும், ஆனால் கழுவியதற்கு ஈடாகாது. கை சுத்திகரிப்புத் திரவமும் அப்படியே: கையில் அழுக்குத் தெரியும்போது அது போதாது, சில வயிற்றுப்போக்குக் கிருமிகளை அது சரியாகக் கொல்வதுமில்லை. சவர்க்காரத் துண்டொன்றைச் சிறு டப்பாவில் கொண்டுபோவது பாரமான வேலையா?

கடற்கரைக்குக் கொண்டுபோவோருக்கு ஒரு குறிப்பு. கசூரினாவில் விளையாடிய பிறகு பொட்டியின் பூட்டுக்குள் மணல் புகுந்து, கால்கள் பாதியில் இறுகிக்கொண்டன. நல்ல தண்ணீரில் கழுவி, தட்டி, நிழலில் காயவிட்ட பின்தான் மறுபடி ‘டக்’ என்று பூட்டியது. வெயிலில் நீண்ட நேரம் போட்டுவைத்தால் பிளாஸ்ரிக் வெளிறி நொறுங்கும் தன்மை அடையும், இருக்கையும் பிள்ளையின் தோல் தாங்க முடியாத அளவுக்குச் சுடும். வாகனத்தின் பின்பக்கத்தில் வைத்திருந்ததை எடுத்தால் முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். கூட வருகின்ற துணிப்பை நீர் தாங்காதது. ஈரமான பொட்டியை அதற்குள் போட்டால் ஈரம் தோள்பை முழுவதும் இறங்கும். சொப்பிங் பை ஒன்றினுள் சுற்றிய பிறகு அதற்குள் வையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்ற ஒற்றைத் துண்டுச் சாதாரணப் பொட்டியைவிட இது கணிசமாகக் கூடியது. வீட்டுக்கு அந்தச் சாதாரணப் பொட்டியே மேல். அகலமானது, ஆடாது, கழுவ எளிது. எங்கும் அதிகம் போகாத குடும்பம், அல்லது போகின்ற இடமெல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் திரும்பிவரும் தூரமாக இருக்கின்ற குடும்பம், மடிப்புப் பொட்டிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. மாதத்தில் சிலமுறையாவது ஊர்விட்டு ஊர் போவோருக்கும், தாத்தா பாட்டி வீடு தீவுப் பகுதியிலோ வன்னியிலோ இருப்பவர்களுக்கும், புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உறவினர் வீடு என்று ஏறி இறங்குவோருக்கும் இது நிச்சயம் பயன்படும். குறிப்பாக, கொமட் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நமது பழைய வீடுகளின் கிணற்றடிக்கு அப்பால் உள்ள மலசலகூடத்தைக் கண்டு மிரளும்போது, தங்களுடைய பொட்டி பக்கத்தில் இருந்தால் மிரட்சி பாதியாகக் குறையும்.

கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு கால்களையும் நீங்களே விரித்து மடித்துப் பாருங்கள். பூட்டு விடுவிக்கும் அழுத்தி ஒரு பெரியவர் விரல் அழுத்தினால் மட்டும் இளகுவதாக இருக்க வேண்டும், பிள்ளையின் விரலுக்கு இளகக் கூடாது. மடிப்பு மூட்டில் விரல் நசுங்கக்கூடிய இடைவெளி உண்டா என்று தடவிப் பாருங்கள். தாங்கக்கூடிய பாரம் எவ்வளவு என்பது பெட்டியிலோ அடிப்பக்கத்திலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாததை வாங்க வேண்டாம். இருக்கையை அழுத்தும்போது நடுவில் வளைந்து கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். மேலதிக உறைப்பைக் கட்டு ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். முதலில் உள்ளே வருகின்றவற்றையே பாவித்துப் பார்த்து, அவை உண்மையில் தேவைப்படுகின்றனவா என்று தெரிந்த பின்னர் வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே பயணத்துக்கு எடுக்காமல், பிள்ளை தன் வழக்கமான பொட்டிக்குப் பக்கத்தில் இதையும் பார்த்து, தொட்டு, உடுப்போடு ஏறி இருந்து பழகுவதற்குச் சில நாள் விடுங்கள்.